உறைமண்ணின் கணக்கை நம் வயலில் எழுதாதீர்கள்

மண்வள அட்டையைக் கையில் வாங்கும் விவசாயி தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பார்த்துவிட்டு அங்ககக் கரிமம் என்ற வரிக்கு வரும்போது கொஞ்சம் தலைகுனிகிறார். 0.3, 0.4 என்று ஏதோ ஓர் எண். பக்கத்தில் 'குறைவு' என்ற சொல். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே இருந்தால் அதிகம் என்பது நம் ஆய்வகங்களின் அளவுகோல். பயிற்சிக் கூட்டங்களில் இதோடு விடுவதும் இல்லை. கனடாவின் கறுப்பு மண், ரஷ்யாவின் கறுப்பு மண் என்று படம் போட்டுக் காட்டி, அங்கே கரிமம் நம்மைவிடப் பல மடங்கு என்கிறார்கள். நாம்தான் மண்ணைக் கெடுத்துவிட்டோம் என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

நாம் கெடுக்கவே இல்லை என்று வாதாட வரவில்லை. எரித்த சருகும், சாணம் காணாத வயலும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. வடக்கே மண்ணில் கரிமத்தைச் சேர்த்து வைத்தது அந்த ஊர் விவசாயியின் கெட்டிக்காரத்தனம் அல்ல, குளிர். அந்தக் குளிர் இப்போது விலகிக்கொண்டிருக்கிறது. அப்படி விலகும்போது அந்த மண்ணுக்கு என்ன ஆகிறது என்பது, நம் நிலத்தைக் காட்டிக் கரிம ஒப்பந்தம் பேச வருபவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதோடு நேரடியாகச் சேர்ந்த விஷயம்.

இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் பொழுதுசாய ஆட்டிய மாவு இரவு பத்து மணிக்கே பொங்கி வழிகிறது. மார்கழியில் விடிந்த பிறகும் எழும்பாமல் கிடக்கிறது. பிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்குகிறது. அதே அரிசி, அதே உளுந்து, அதே நுண்ணுயிர். மாறியது வெப்பம் ஒன்றுதான். மண்ணிலும் இதுதான் நடக்கிறது. விழும் இலையையும் செத்த வேரையும் நுண்ணுயிர்கள் தின்று, அதிலிருக்கும் கரிமத்தைக் கரியமில வாயுவாகக் காற்றில் விடுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகிறது.

இதை நிலத்தில் அளந்து காட்டியவர் ஹான்ஸ் ஜென்னி. சுவிட்சர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மண்ணியல் அறிஞர். கனடா எல்லையிலிருந்து தெற்கே வெயில் மாநிலங்கள் வரை, ஈரப்பதம் ஏறக்குறைய ஒன்றாக உள்ள நிலங்களாகத் தேர்ந்து மண்ணை ஒப்பிட்டார். 1930-ல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. ஆண்டு சராசரி வெப்பம் 10 டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் மண்ணில் உள்ள தழைச்சத்தும் அங்ககப் பொருளும் இரண்டு முதல் மூன்று மடங்காகின்றன.

ஜென்னி பிறகு நம் நாட்டு மண்ணையும் ஆராய்ந்தார். எஸ்.பி.ராய்சௌத்ரியுடன் சேர்ந்து, இந்திய மண்களின் தழைச்சத்தையும் அங்ககப் பொருளையும் தட்பவெப்பமும் சாகுபடியும் எப்படி மாற்றுகின்றன என்று அவர் எழுதிய நூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1960-ல் வெளியிட்டது. மழை கூடினால் மட்கு கூடும், வெப்பம் கூடினால் குறையும், ஏர் பட்ட நிலத்தில் ஏர் படாத நிலத்தைவிடக் குறைவாக இருக்கும் என்பது அதன் சாரம். 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நம் அட்டையில் ஏறவில்லை. ஊட்டி உருளைக்கிழங்கு நிலத்துக்கும் ராமநாதபுரம் மானாவாரிக்கும் இன்னும் ஒரே அளவுகோல்தான்.

குளிர் கட்டிய களஞ்சியம்

கிழக்கு சைபீரியாவில் யாகூட்ஸ்க் என்று ஒரு நகரம். ஆண்டு சராசரி வெப்பமே பூஜ்ஜியத்துக்குச் சுமார் 8 டிகிரி கீழே. 1828-ல் ஷெர்கின் என்ற வணிக நிறுவன ஊழியர் அங்கே குடிநீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். 1837 வரை வெட்டினார்கள். சுமார் 116 மீட்டர், அதாவது 380 அடி போன பிறகும் நீர் இல்லை, உறைந்த மண்தான் வந்துகொண்டிருந்தது. போர்வெல்லில் பணத்தை விட்டவர்களுக்கு ஷெர்கினின் வயிற்றெரிச்சல் புரியும். ஆனால் அந்தக் கிணறு வீணாகவில்லை. 1840-களில் மிடென்டார்ஃப் என்ற அறிஞர் அதில் இறங்கி ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையை அளந்தார். உறைந்த நிலத்தைப் பற்றிய அறிவியல் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலத்தை பெர்மாஃப்ராஸ்ட் என்பார்கள். உறைமண் என்று வைத்துக்கொள்வோம். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா, ஸ்காண்டிநேவியாவின் வட முனை எங்கும் அது பரவிக் கிடக்கிறது. கோடையில் மேலே உள்ள கொஞ்ச ஆழம் மட்டும் இளகும். சில இடங்களில் ஒரு முழம், சில இடங்களில் ஓர் ஆள் உயரம். அந்த இளகிய அடுக்கில்தான் பாசியும் புல்லும் குறுஞ்செடியும் வளர்கின்றன. விளைச்சல் சொற்பம். நம் ஒரு போகச் சோளத்தட்டை அளவுகூட ஆண்டுக்குத் தேறாத இடம் நிறைய உண்டு. அப்படியிருந்தும் களஞ்சியம் நிறைந்ததற்குக் காரணம், வரவைவிடச் செலவு இன்னும் குறைவு என்பதே. இலை விழுகிறது, நுண்ணுயிர் அதைத் தொடுமுன் குளிர் வந்துவிடுகிறது. மறு கோடையில் கொஞ்சம் தின்கிறது, மறுபடி உறைகிறது. மிச்சம் சேர்கிறது.

நீரும் இதற்கு உதவுகிறது. அடியில் பனிக்கட்டி இருப்பதால் உருகிய நீர் கீழே வடிய வழியில்லை. மேல் மண் சேறாகவே நிற்கிறது. சேற்றில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் மட்குவது மந்தம். இது போதாதென்று, உறைவதும் இளகுவதுமாக மண் தானே புரண்டு மேலே உள்ள சருகை ஆழத்துக்கு இழுத்துவிடுகிறது. இயற்கையே மடக்கி உழுது பூட்டி வைத்த மாதிரி. சைபீரியாவில் பனியுகக் காலத்தில் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல், புல்வேரோடு சேர்ந்து பல பத்து மீட்டர் கனத்துக்கு உறைந்து கிடக்கிறது. பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய வேர், இளகினால் இன்றும் நாறும் நிலையில்.

உறைமண் இல்லாத வடநாடுகளிலும் பாசி மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்புகள் பரவலாக உண்டு. அதற்குப் பெயர் பீட். நர்சரிக்காரர்கள் ஐரோப்பாவில் காலங்காலமாகத் தொட்டிகளில் போட்டது அதைத்தான். அதை வெட்டி எடுப்பதற்கு எதிர்ப்பு வந்த பிறகே மாற்றுப் பொருளுக்கு மவுசு கூடியது. பொள்ளாச்சி தென்னை நார்க்கழிவு 'கோகோபீட்' என்ற பெயரில் கப்பல் ஏறுவதன் பின்னணி இதுதான். நமக்கு நார்க்கழிவு என்றால் தொல்லை, அங்கே அது சதுப்பைக் காப்பாற்றும் சரக்கு.

உறைமண் மண்டலத்தின் மண்ணில் மட்டும் 1.46 லட்சம் கோடி முதல் 1.6 லட்சம் கோடி டன் வரை கரிமம் இருப்பதாக ஐ.நா.வின் பருவநிலைக் குழு மதிப்பிடுகிறது. இன்று காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள கரிமத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இவ்வளவு கரிமம் இருந்தும் அந்த நிலத்துச் செடிகள் தழைச்சத்துக்கு ஏங்குகின்றன. மட்கு மட்கினால்தானே அதிலிருக்கும் தழைச்சத்து வேருக்குக் கிடைக்கும்? பெட்டகத்தில் பணம் இருந்தும் சாவி கிடைக்காத வீடு அது. கரிம சதவீதம் கூடினால் வளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நம் மண்ணில் மட்கு கரைவது பாதி நஷ்டம், பாதி பயிருக்குச் சோறு.

ஒரு டிகிரி எல்லா இடத்திலும் ஒரு டிகிரி அல்ல

வடதுருவப் பகுதி 1979 முதல் உலக சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2022-ல் கணக்கிட்டார்கள். வெப்பம் அதிகமாக ஏறுவது அங்கே. அந்த வெப்பத்துக்கு அதிகமாக அசைந்துகொடுக்கும் மண்ணும் அங்கேதான். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான் கேடு.

ஏன் அசைந்துகொடுக்கிறது? மிக்கோ கிர்ஷ்பாம் என்ற ஆய்வாளர் 1995-ல் பல நாட்டுச் சோதனை முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார். மட்குவதன் வேகம் குளிர்ந்த மண்ணில் வெப்பத்துக்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது, சூடான மண்ணில் அந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது. அவர் மதிப்பீட்டில், சராசரி வெப்பம் 5 டிகிரி உள்ள நாட்டில் ஒரே ஒரு டிகிரி கூடினால் மண் கரிமத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் இறுதியில் போய்விடக்கூடும். 30 டிகிரி உள்ள நாட்டில் அதே ஒரு டிகிரிக்கு இழப்பு 3 சதவீதம். நம் மாவட்டங்களில் பாதிக்கு மேல் அந்த 30-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன.

சதவீதம் என்பதால் முதல் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, அங்கே ஹெக்டேருக்கு 200 டன் கரிமம், இங்கே 30 டன் என்று வையுங்கள். அங்கே 20 டன் போகும், இங்கே ஒரு டன்னுக்கும் குறைவு. நம் மண் ஏற்கெனவே செலவாளி வீடு. இனி செலவழிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்களுடையது பரம்பரைச் சொத்து.

இதில் பனிக்கும் நீருக்கும் இடையே உள்ள கோடு முக்கியம். நுண்ணுயிர் இயங்க மண் துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். 28 டிகிரி மண் 29 ஆனால் அந்தப் படலத்துக்கு ஒன்றும் ஆகாது. மைனஸ் அரை டிகிரி மண் பிளஸ் அரை ஆனால் கல்லாக இருந்தது சேறாகிவிடுகிறது. அமெரிக்காவின் சார்லஸ் கோவன் குழு 2017-ல் சுட்டிக்காட்டியதும் ஏறத்தாழ இதுதான். குளிர் நாட்டில் ஒரு டிகிரி கூடும்போது, இளகிய மண்ணின் ஆழமும் கூடுகிறது, ஆண்டில் இளகியிருக்கும் நாட்களும் கூடுகின்றன. மட்கும் வேகம் கூடுவது இவற்றுக்கு மேலே.

விஞ்ஞானிகளுக்குள் இதில் சண்டையே இல்லை என்று எண்ண வேண்டாம். களிமண் துகளோடு ஒட்டிக்கொண்ட கரிமம் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்தே வாதம் நடக்கிறது. நம் கரிசல் நிலம் செம்மண்ணைவிடக் கரிமத்தைப் பிடித்துவைப்பதில் களிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வடக்கின் பெருங்களஞ்சியத்தில் நிறையப் பங்கு களியால் காக்கப்பட்டதல்ல. குளிராலும் நீராலும் காக்கப்பட்டது. அந்தக் காவல் போனால் வேறு காவல் இல்லை.

இது வெறும் கணக்கு அல்ல, மண்ணைச் சூடாக்கியே பார்த்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹார்வர்டு காடு என்ற ஆய்வுக் காடு இருக்கிறது. உறைமண் அல்ல, ஆனால் பனி பெய்யும் குளிர் நிலம். 1991-ல் ஜெர்ரி மெலில்லோ குழு அங்கே மண்ணுக்குள் மின்கம்பி புதைத்து, பக்கத்து மண்ணைவிட 5 டிகிரி கூடுதலாகவே வைத்திருந்தது. 26 ஆண்டுக் கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள். முதல் பத்தாண்டு கரிமம் வேகமாகப் போனது. பிறகு நின்றது. சரி, இனி போகாது என்று எண்ணும் வேளையில் மறுபடி போகத் தொடங்கியது. பிறகு மறுபடி நின்றது. மொத்தத்தில் மேல் 60 செ.மீ. மண்ணின் கரிமத்தில் 17 சதவீதம் காலி. எருக்குழியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் விளங்கும். இளசு முதலில் மட்கும், தட்டையும் குச்சியும் நிற்கும். அதைத் தின்னத் தெரிந்த நுண்ணுயிர் பெருகியதும் அதுவும் கரையும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு அளந்துவிட்டு மண் கரிமத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்களை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

செடி அதிகம் வளர்ந்து ஈடுகட்டிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. சூடு ஏற ஏற வடக்கு பச்சையாகித்தான் வருகிறது. ஆனால் சுவீடனின் வட கோடியில் அபிஸ்கோ என்ற இடத்தில் பிர்ச் மரக் காட்டையும் பக்கத்தில் உள்ள மரமில்லாப் புதர் நிலத்தையும் ஒப்பிட்டவர்கள் 2012-ல் வேறு கதை சொன்னார்கள். மரத்தில் கரிமம் அதிகம், மண்ணில் மிகக் குறைவு. கூட்டிப் பார்த்தால் புதர் நிலமே பணக்காரன். புது வேர் விடும் சாறு நுண்ணுயிர்களுக்குத் தீனியாகி, அவை பழைய மட்கையும் தின்னும் தெம்பைப் பெறுகின்றன.

போதாக்குறைக்கு, குளிர்காலத்திலும் கசிவு நிற்பதில்லை. மேலே பனி மூடியிருந்தாலும் கம்பளி போர்த்தியது போல் உள்ளே மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே கிடக்கிறது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை உறைமண் மண்டலம் வெளியிடும் கரிமம் ஆண்டுக்குச் சுமார் 166 கோடி டன், வளரும் பருவத்தில் செடிகள் இழுத்துக்கொள்வதோ சுமார் 103 கோடி டன் என்று 2019-ல் ஓர் ஆய்வுக் குழு மதிப்பிட்டது. காட்டுத்தீயையும் சேர்த்தால் வடதுருவத் துந்திரா நிலம் இப்போது கரிமத்தைச் சேர்ப்பதில்லை, வெளியே விடுகிறது என்று அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் 2024 அறிக்கை சொல்லிவிட்டது.

இளகும் நிலம் காய்ந்தால் வருவது கரியமில வாயு. நீர் தேங்கினால் மீத்தேன். இதை நெல் விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. நடவு வயலில் கால் வைத்தால் குமிழி வருகிறதே, அதே வகை நுண்ணுயிரின் வேலை. அலாஸ்காவில் ஏரிப் பனியில் துளையிட்டுத் தீக்குச்சி கிழித்தால் குப்பென்று பற்றுகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கும் மேல் சூடேற்றும்.

உறைமண்ணில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை விவசாயிகள்தான் முதலில் பட்டு அறிந்தார்கள். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கம் தேடி வந்தவர்களுக்குக் காய்கறியும் தீவனமும் விளைவிக்கக் காட்டை அழித்து வயல் போட்டார்கள். மரமும் பாசியும்தான் அடியில் உள்ள பனிக்கட்டிக்குப் போர்வை. போர்வையை எடுத்ததும் பனி உருகியது, மேலே உள்ள மண் அமிழ்ந்தது. சமமாக இருந்த வயல் சில ஆண்டுகளில் குமிழும் குழியுமாக மாறியது. கருவியை ஓட்ட முடியாமல் வயல்களைக் கைவிட்டவர்கள் உண்டு. அமெரிக்க நிலவியல் துறையின் 1954 அறிக்கையில் இது விவரமாகப் பதிவாகியிருக்கிறது. பூமி சூடானால் வடக்கே புது விளைநிலம் கிடைக்கும் என்று மகிழ்பவர்கள் அந்த அறிக்கையைப் படிக்கலாம். அந்தப் புது நிலங்களை உழுதால் மண்ணிலிருந்து 17,700 கோடி டன் வரை கரிமம் வெளியேறக்கூடும் என்றும் 2020-ல் ஒரு கணக்கு வந்திருக்கிறது.

அதற்காக 'வடக்கே வெடிகுண்டு' என்று சிலர் தலைப்புப் போடுவதையும் ஏற்க முடியாது. ஐ.நா. குழுவின் 2021 அறிக்கைப்படி, உலகம் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் உறைமண்ணிலிருந்து இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கரியமில வாயுவாக வெளியேறும் கரிமம் நடுமதிப்பில் 1,800 கோடி டன். குறைந்தது 300 கோடி, அதிகம் 4,100 கோடி. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதன் ஓராண்டில் விடுவது சுமார் 1,000 கோடி டன். ஆகவே இது வெடிப்பு அல்ல, ஒழுகும் குழாய். ஆனால் அடைக்க வாஷர் கிடைக்காத குழாய். புகைபோக்கியை மூடலாம். உறைமண்ணைத் திரும்ப உறையவைக்க யாராலும் முடியாது.

யார் கணக்கில் எழுதுவது?

எனக்குக் கோபம் வரும் இடம் இனிமேல்தான். நாடுகள் ஐ.நா.வுக்கு அனுப்பும் வாயுக் கணக்கில், மனிதன் பராமரிக்கும் நிலத்திலிருந்து வருவதை மட்டும் காட்டினால் போதும் என்பது விதி. ஆள் இல்லாத துந்திரா நிலம் அதற்குள் வராது. ஆகவே சைபீரியாவும் வட கனடாவும் கசியவிடும் கரிமம் எந்த நாட்டின் பற்றுவழியிலும் ஏறுவதில்லை. காற்றில் மட்டும் ஏறுகிறது. அந்தக் காற்று சூடேற்றும் கடலிலிருந்துதான் நமக்கும் பருவமழை வருகிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2015-ல் பாரிஸ் மாநாட்டின்போது பிரான்ஸ் 'ஆயிரத்துக்கு நான்கு' என்ற முயற்சியைத் தொடங்கியது. உலக மண் கரிமத்தை ஆண்டுக்கு 0.4 சதவீதம் கூட்டினால் காற்றில் சேரும் கரியமில வாயுவைப் பெருமளவு ஈடுகட்டலாம் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதைத் தொடர்ந்து மண்ணில் கரிமம் சேர்த்தால் காசு என்ற சந்தையும் வளர்ந்தது. நம் மத்திய வேளாண் அமைச்சகமும் 2024 ஜனவரியில் விவசாயத்துக்கான தன்னார்வக் கரிமச் சந்தை வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. உறைமண்ணின் கசிவுக்குக் கணக்கே கிடையாது. 2 ஏக்கர் வைத்திருப்பவர் சேர்க்கும் கரிமத்துக்கோ செயற்கைக்கோள், மண் மாதிரி, கையெழுத்து எல்லாம் உண்டு.

நம் வெயிலில் அந்தக் கரிமம் நிற்குமா? ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 900 டன் எடை. கரிமத்தை 0.4-லிருந்து 0.5 ஆக்க வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணில் நிலைக்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடுகிறோம். ஈரமும் மண்ணும் போக அதில் இருக்கும் கரிமமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதிலும் பெரும்பகுதி ஓரிரு ஆண்டில் நுண்ணுயிர் தின்று காற்றுக்குப் போய்விடும். அது தோல்வி அல்ல. அப்படித் தின்னும்போதுதான் தழைச்சத்து வெளிவருகிறது, மண் பொலபொலப்பாகிறது, நீர் பிடிக்கிறது. நம் மண் கிடங்கு அல்ல, வாய்க்கால். வாய்க்காலில் தினமும் தண்ணீர் ஓடுவதுதான் கணக்கு. எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று அளந்தால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

ஆகவே டன் கணக்கில் கரிமத்தைப் பல ஆண்டுகள் மண்ணில் பூட்டிவைப்பதாக விவசாயி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. ஒரு வறட்சி ஆண்டில் பசுந்தாள் உரம் முளைக்காமல் போகும், மாடு விற்றுப்போகும், சேர்த்தது கரையும். பொய்த்தது மழை, கையெழுத்து விவசாயியுடையது. காசு கொடுப்பதானால் செய்யும் வேலைக்குக் கொடுக்கட்டும். சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழுததற்கு, சோகையைக் கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்பியதற்கு, வரப்பில் மரம் வைத்ததற்கு. இவை அந்தந்த ஆண்டே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை.

விரிவாக்கப் பணியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கனடா மண்ணின் படத்தை எடுத்துவிடுங்கள். குளிர்மண்ணை ஒப்பிட வேண்டுமானால் நம்மிடமே இருக்கிறது. நீலகிரியின் உயரமான பள்ளத்தாக்குகளில் மட்காமல் சேர்ந்த பீட் படுகைகள் உண்டு. 20,000 ஆண்டு வரையிலான தட்பவெப்ப வரலாற்றை அவற்றிலிருந்து படித்து நம் நாட்டு ஆய்வாளர்கள் 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மலையில் ஏறினால் குளிர் என்ன செய்யும் என்று தெரியும். அதைச் சமவெளி விவசாயிக்கு இலக்காக வைக்க யாரும் துணிய மாட்டார்கள். வைக்க வேண்டிய இலக்கு பக்கத்திலேயே இருக்கிறது. அதே மழை, அதே மண் வகை, நெடுநாள் ஏர் படாத ஒரு துண்டு நிலம்: ஊர்க் கோயில் காடு, பழைய தோப்பு, மந்தைவெளி. வயலில் மாதிரி எடுக்கும் அன்றே அங்கேயும் அரை கிலோ மண் எடுத்து, இரண்டு எண்ணையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கோயில் காடு 0.8, வயல் 0.4 என்றால் அந்த விவசாயி பாதி தூரத்தில் நிற்கிறார் என்று பொருள். கோயில் காடே 0.5 என்றால் அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார், 'குறைவு' என்ற சொல்லை அடித்துவிடலாம்.

ஒப்பந்தக் காகிதத்தோடு யாராவது வீடு தேடி வந்தால் மூன்றே விஷயத்தைக் கேளுங்கள். எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்படுகிறேன்? எத்தனை செ.மீ. ஆழம் வரை, யார் செலவில் அளப்பீர்கள்? வெயிலோ வறட்சியோ சேர்த்ததைக் கரைத்துவிட்டால் வாங்கிய காசை நான் திருப்பித் தர வேண்டுமா? மூன்றுக்கும் தமிழில், எழுத்தில் பதில் வரும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.